192.168 ஏன் ஊரிலிருந்து திறக்காது? நெட்வொர்க் முகவரிகள் ஓர் அறிமுகம்

மும்பை தாராவியில், 90 அடி சாலையிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள், கேமரா மாட்டிய கையோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, கோயில் கொடைக்கு ஊருக்குப் போனா அங்கயிருந்து கடையைப் பார்க்கலாம்ல?"

பார்க்கலாம் அண்ணாச்சி. ஆனால் கேமரா மாட்ட வந்த பையன் சுவரில் எழுதி ஒட்டிவிட்டுப் போன 192.168.1.108 என்ற எண்ணைத் திருநெல்வேலியில் உட்கார்ந்து போனில் அடித்தால், சுற்றிக்கொண்டே இருக்குமே தவிர திறக்காது. எண்ணில் பிழை இல்லை. கடைக்குள் வைஃபையில் இருந்தபடி அதே எண்ணை அடித்தால் சட்டென்று படம் வரும்.

ஒரு கணினிக்கு ஒரு முகவரி என்று நாம் நினைத்துக்கொள்வதில்தான் குழப்பமே தொடங்குகிறது. நெட்வொர்க்கில் இருக்கும் எந்தக் கருவிக்கும் ஒரே நேரத்தில் பல அடையாளங்கள் உண்டு. தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டது ஒன்று. இப்போது எந்த இடத்தில் இணைந்திருக்கிறது என்பதைச் சொல்வது ஒன்று. அதற்குள் ஓடும் எந்த நிரலுக்கு என்று சொல்வது ஒன்று. மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்கு வெளியே அது வெறும் எண்தான். எது எதுவரை செல்லும் என்று தெரிந்துகொண்டால், கடையில் வரும் நெட்வொர்க் சிக்கல்களில் பெரும்பகுதியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

சிப்பில் எழுதியிருக்கும் எண்

கேமரா, லேப்டாப், பிரிண்டர், கார்டு தேய்க்கும் மெஷின் எதுவானாலும் நெட்வொர்க்கில் சேர அதற்கென்று ஒரு சிப் வேண்டும். பல லேப்டாப்புகளில் ஒயருக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும். ஒவ்வொரு சிப்புக்கும் தயாரிக்கும்போதே ஓர் எண் கொடுத்துவிடுகிறார்கள். அதுதான் மேக் முகவரி. நீளம் 48 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கம் 48. ஆறு ஜோடிகளாக 08:00:20:15:47:93 என்பது போல எழுதுவார்கள். பதினாறடிமான எண் என்பதால் 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரையுள்ள ஆறு எழுத்துகளும் வரும். நான் இலக்கம் மட்டும் உள்ளதாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்.

முதல் மூன்று ஜோடி தயாரிப்பாளரைக் குறிக்கும். ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு நிறுவனங்களுக்கு இவற்றை ஒதுக்குகிறது. மேலே உள்ள 08:00:20 சன் மைக்ரோசிஸ்டம்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. பின்னுள்ள மூன்று ஜோடியை நிறுவனமே நிரப்பிக்கொள்ளும். ஒரு தொகுதிக்குள் 1,67,77,216 எண்கள் கிடைக்கும். தீர்ந்தால் இன்னொரு தொகுதி வாங்குவார்கள். கடைக்குள் நெட்டைப் பங்கிடும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை பிரவுசரில் திறந்து, 'இணைந்துள்ள கருவிகள்' என்ற பட்டியலுக்குப் போனால் இந்த எண்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். பெயரே இல்லாத ஒரு கருவி கேமராவா பிரிண்டரா என்று ஊகிக்க இந்த முதல் மூன்று ஜோடியைத்தான் தேடிப் பார்ப்போம்.

இந்த எண் என்றைக்கும் மாறாது என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லும். இப்போது அது பாதி உண்மைதான். போனை எடுத்துக்கொண்டு போகும் இடமெல்லாம் ஒரே மேக் எண்ணை வைஃபையில் கூவிக்கொண்டு போனால், மாலில் இருக்கும் கருவிகள் 'இந்த ஆள் மறுபடி வந்திருக்கிறார்' என்று குறித்து வைக்க முடியும். அதனால் 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உம், 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-உம் ஒவ்வொரு வைஃபைக்கும் தானாக ஒரு கற்பனை எண்ணைக் காட்டத் தொடங்கின. கற்பனை எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்று இருக்கும். கடையில் வேலை செய்பவர்களின் போனை மட்டும் அனுமதிக்க ரவுட்டரில் மேக் பட்டியல் போட்டு வைத்தவர்கள், அனுமதித்த போனே ஒரு நாள் உள்ளே வர முடியாமல் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். காரணம் இதுதான். என்னைக் கேட்டால், மேக் பட்டியலை ஒரு பாதுகாப்பாகவே எண்ண வேண்டாம். பாஸ்வேர்டை ஒழுங்காக வைத்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மேக் எண் உங்கள் ரவுட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை. நீங்கள் திறக்கும் வலைத்தளத்துக்கு உங்கள் லேப்டாப்பின் மேக் எண் தெரியாது. அந்த எண் கடைக்குள் ஒரு கருவியை இன்னொரு கருவி கண்டுபிடிக்க மட்டுமே பயன்படுகிறது.

இருக்கும் இடத்தைச் சொல்லும் எண்

உலகத்தில் கோடிக்கணக்கான சிப்புகள். அவற்றின் மேக் எண்ணை வைத்து 'இது மும்பையில் இருக்கிறது, அது மெல்போர்னில் இருக்கிறது' என்று சொல்லவே முடியாது. தயாரித்தவர் யார் என்பது தெரியும், அவ்வளவுதான். அதனால் வெளியே அனுப்புவதற்கு இடத்தைச் சொல்லும் வேறொரு எண் தேவைப்பட்டது. அதுதான் ஐபி முகவரி.

இன்றும் பெரிதும் புழங்கும் நான்காம் பதிப்பின் விதிகள் 1981 செப்டம்பரில் எழுதப்பட்டன. இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் ஆர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று இந்த முறைக்கு மாறியது. 32 பிட் நீளம். நாம் அதை 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்களாகப் புள்ளி வைத்து எழுதுகிறோம்.

ஐபி முகவரி வேலை செய்யும் விதத்தைப் பின்கோடை வைத்துப் புரிந்துகொள்ளலாம். தாராவியின் பின்கோடு 400017. திருநெல்வேலியில் தபாலைப் பிரிப்பவருக்கு தாராவி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. 4 என்றால் மகாராஷ்டிரம், கோவா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் பக்கம். 400 என்றால் மும்பை. மூட்டையை அந்தத் திசையில் ஏற்றிவிட்டால் அவர் வேலை முடிந்தது. கடைசி மூன்று இலக்கத்தை மும்பைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். ரவுட்டர்களும் அப்படித்தான். முகவரியின் முன்பகுதியை மட்டும் பார்த்து, எந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும் என்று முடிவு செய்கின்றன. (பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அன்றைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15. நம் அரசுக்கு அந்தத் தேதி மேல் ஒரு பிரியம்.)

ஒரு வித்தியாசம் உண்டு. பின்கோடில் முன்பகுதி எப்போதும் மூன்று இலக்கம். ஐபியில் முன்பகுதியின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். ரவுட்டரில் 255.255.255.0 என்று ஒரு வரி பார்த்திருப்பீர்களே, அது சொல்வது இதைத்தான்: முதல் மூன்று எண்ணும் முன்பகுதி, கடைசி எண் மட்டும் இந்தக் கடைக்குள் இருக்கும் கருவிக்கு. ஒரே முகவரிக்கு 'என் வழியாக வா' என்று இரண்டு நெட்வொர்க்குகள் அறிவித்திருந்தால், முன்பகுதி நீளமாக இருக்கும் அறிவிப்பை ரவுட்டர்கள் எடுத்துக்கொள்ளும். நீளமாக இருந்தால் இன்னும் துல்லியமாகத் தெரிந்தவர் என்று பொருள் அல்லவா.

இந்த விதி எவ்வளவு வலிமையானது என்பதற்கு 2008 பிப்ரவரி 24 சாட்சி. பாகிஸ்தானில் யூடியூபைத் தடை செய்யச் சொன்னார்கள். பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் மட்டும் அந்த முகவரிகளை முடக்க நினைத்து, யூடியூபின் முகவரித் தொகுதிக்குள் அடங்கிய சிறிய பகுதி ஒன்றை, அதாவது முன்பகுதி நீளமான அறிவிப்பை, வெளியிட்டது. அது எல்லை தாண்டிக் கசிந்துவிட்டது. உலகின் பல பகுதிகளில் இருந்த ரவுட்டர்கள் அதை நம்பி யூடியூப் போக்குவரத்தை பாகிஸ்தானுக்கு அனுப்பின. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் கிடைக்கவில்லை. யூடியூபின் கணினிகளில் எந்தக் கோளாறும் இல்லை. அவற்றுக்குப் போகும் வழியைத்தான் எல்லோரும் தவறாகக் கேள்விப்பட்டுவிட்டார்கள்.

இந்த எண்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடியாது. ஐயானா என்ற உலக அமைப்பு பெரிய தொகுதிகளை வட்டார அமைப்புகளுக்குக் கொடுக்கும். நமக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக். இந்திய அளவில் ஐரின் என்ற பதிவகம் உண்டு. அங்கிருந்து இணைய நிறுவனங்களுக்கு, அவர்களிடமிருந்து உங்கள் ரவுட்டருக்கு.

கடைக்குள் இருந்து வெளியே

இப்போது கடைக் கணினி, அதே கடையில் இருக்கும் பிரிண்டருக்கு ஒரு பில் அனுப்புகிறது என்று வையுங்கள். கணினி 192.168.1.20. பிரிண்டர் 192.168.1.50. முன்பகுதி ஒன்றாக இருப்பதால் 'இது உள்ளேதான்' என்று கணினிக்குத் தெரிகிறது. ஆனால் ஒயரிலும் வைஃபையிலும் தகவல் பொட்டலத்தைச் சேர்ப்பிக்க மேக் எண் வேண்டும். எனவே கடைக்குள் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி '192.168.1.50 யாரு? உன் மேக் எண்ணைச் சொல்லு' என்று கேட்கும். பிரிண்டர் மட்டும் பதில் சொல்லும். கணினி அதைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். 1982-இல் எழுதப்பட்ட ஏஆர்பி என்ற முறை இது. இன்றும் உங்கள் கடையில் நாள் முழுக்க இந்த விசாரிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அதே கணினி ரயில் டிக்கெட் தளத்தைத் திறக்கிறது. முன்பகுதி வேறு. அதனால் 'வெளியே' என்று முடிவு செய்து, ரவுட்டரின் மேக் எண்ணை எழுதி அதனிடம் கொடுத்துவிடும். ஆனால் ஐபி முகவரி என்ற இடத்தில் டிக்கெட் தளத்தின் முகவரியே இருக்கும். ரவுட்டர் தன் அடுத்த ரவுட்டரின் மேக் எண்ணைப் போட்டு அனுப்பும். இப்படி ஒவ்வொரு தாவலிலும் அடுத்த கை யாருடையது என்ற விவரம் மாறிக்கொண்டே போகும், கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் மட்டும் மாறாது. இரண்டு எண் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் காட்சியைத்தான்.

கடைக்குள் இருக்கும் ஐபி எண்களை யார் கொடுக்கிறார்கள்? ரவுட்டரே கொடுக்கிறது. டிஹெச்சிபி என்ற முறை. புதிதாக ஒரு போன் உள்ளே வந்தால் 'எனக்கு ஒரு எண் கொடுங்க' என்று கேட்கும். ரவுட்டர் தன்னிடம் காலியாக உள்ள ஒன்றைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகை போல விடும். காலம் முடிவதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

நேற்று வரை வேலை செய்த பிரிண்டர் இன்று கரண்ட் போய் வந்த பிறகு பில் அடிக்க மறுக்கிறது என்றால், முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். பிரிண்டருக்கு 50-க்குப் பதிலாக 53 கிடைத்திருக்கும். கணினி இன்னும் 50-ஐத் தேடிக்கொண்டிருக்கும். டிரைவரை அழித்து மறுபடி போடுவதெல்லாம் வீண் வேலை. ரவுட்டரில் 'இந்த மேக் எண்ணுக்கு எப்போதும் 50' என்று ஒரு வரி எழுதி வைத்தால் தீர்ந்தது. கேமராவுக்கும் அப்படியே செய்துவிடுங்கள்.

ஒரு கருவி 169.254 என்று தொடங்கும் எண்ணைக் காட்டினால், அது ரவுட்டரிடம் கேட்டுப் பதில் வராமல் தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா, கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இன்னொரு வகைத் தொல்லை, மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று யாராவது பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து சும்மா செருகிவிடுவது. இப்போது எண் கொடுப்பவர்கள் இரண்டு பேர். சிலருக்கு நெட் வரும், சிலருக்கு வராது, அரை மணி கழித்து ஆள் மாறும். அந்த இரண்டாவது ரவுட்டரில் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, அதன் சொந்த ஐபியையும் வேறாக மாற்றினால் சரியாகிவிடும்.

ஒரே முகவரியில் ஒரு தெருவே

இப்போது 192.168 கேள்விக்கு வருவோம். 32 பிட்டில் மொத்தம் 429 கோடி முகவரிகள்தான். 1981-இல் அது ஏராளம். பத்தே ஆண்டில் போதாது என்று தெரிந்துவிட்டது. 1996-இல் மூன்று தொகுதிகளை ஒதுக்கி, 'இவற்றை யார் வேண்டுமானாலும் தங்கள் கட்டடத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் வெளி இணையத்தில் இவை செல்லாது' என்று விதி செய்தார்கள். 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168. உங்கள் கடையில் இருக்கும் 192.168.1.108, பக்கத்துக் கடையிலும் இருக்கலாம், மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸிலும் இருக்கலாம், திருநெல்வேலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டிலும் இருக்கலாம். ஊரில் அந்த எண்ணை அடித்தால் போன் அந்த வீட்டுக்குள்ளேயே தேடும். அல்லது போன் கம்பெனியின் நெட்வொர்க்குக்குள் தேடும். தாராவி வரை அந்தக் கேள்வி வருவதே இல்லை.

அப்படியானால் கடைக் கணினி வெளியே எப்படிப் பேசுகிறது? ரவுட்டர் முகவரியை மாற்றி எழுதி அனுப்புகிறது. இதற்கு நாட் என்று பெயர். கணினி 192.168.1.20 ஒரு வங்கித் தளத்தைக் கேட்கிறது. கேட்கும்போது தன் பக்கத்தில் ஒரு போர்ட் எண்ணையும் வைக்கும். போர்ட் என்பது கணினிக்குள் எந்த நிரலுக்கு என்று சொல்லும் எண். 0 முதல் 65,535 வரை இருக்கலாம். பாதுகாப்பான வலைத்தளங்களுக்கு 443 என்று எதிர்ப்பக்கம் நிலையாக இருக்கும். நம் பக்கம் 51000 போல ஏதோ ஒன்றைக் கணினி தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும். ரவுட்டர் அனுப்புநர் இடத்தில் இருக்கும் 192.168.1.20, 51000 என்பதை அழித்துவிட்டுத் தன் வெளி முகவரியை, உதாரணத்துக்கு 203.0.113.45, போர்ட் 40001 என்று எழுதும். கூடவே தன் அட்டவணையில் 'வெளியே 40001 என்றால் உள்ளே 20-இன் 51000' என்று குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உள்ளே திருப்பி அனுப்பும். (203.0.113 என்ற தொகுதி எழுத்தாளர்கள் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. யாருடைய முகவரியும் இல்லை. தைரியமாக எழுதலாம்.)

உள்ளிருந்து கிளம்பியதற்குத்தான் அட்டவணையில் வரி இருக்கும். வெளியிலிருந்து தானாக வரும் கேள்விக்கு வரி இருக்காது. யாருக்கு என்று தெரியாமல் ரவுட்டர் அதைத் தூக்கி எறிந்துவிடும். கேமராவைப் பார்க்க ஊரிலிருந்து வரும் கேள்வியின் கதி இதுதான். 'வெளியிலிருந்து 8000 என்று வந்தால் 108-க்கு அனுப்பு' என்று நாமே நிலையாக ஒரு வரி எழுதுவதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

அதையும் செய்தாகிவிட்டது, இன்னும் வரவில்லை என்பார்கள். அப்போது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் ஐபி, அதாவது அதன் வெளிப்பக்க முகவரி, என்று என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு கடை வைஃபையிலிருந்தே 'என் ஐபி என்ன' என்று கூகுளில் தேடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. வேறு வேறாக இருந்து, ரவுட்டரில் இருப்பது 10-இல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, உங்கள் கேபிள்காரர் தெருவில் இருக்கும் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார் என்று பொருள். இந்த 100.64 தொகுதி 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஒரு நாட்-க்கு மேல் இன்னொரு நாட். நீங்கள் எழுதிய வரி உங்கள் ரவுட்டரில் இருக்கிறது, ஆனால் கேள்வி அதற்கு முந்தின இடத்திலேயே விழுந்துவிடுகிறது. மாதம் கொஞ்சம் கூடக் கொடுத்து உங்களுக்கென்றே மாறாமல் இருக்கும் வெளி முகவரியை, அதாவது ஸ்டாட்டிக் ஐபியை, வாங்கினால்தான் அந்த வழி திறக்கும்.

பெரும்பாலான கடைகளுக்கு அது தேவையில்லை. இப்போதைய கேமராக்கள் வேறு வழியில் போகின்றன. கேமராவே உள்ளிருந்து கிளம்பி, தயாரித்த கம்பெனியின் சர்வருடன் ஓர் இணைப்பை எப்போதும் பிடித்து வைத்திருக்கும். உள்ளிருந்து கிளம்பியது என்பதால் எத்தனை நாட் இருந்தாலும் கவலை இல்லை. டப்பாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு அந்தக் கேமராவின் தனி அடையாள எண். ஊரில் உங்கள் போன் ஆப் அந்த எண்ணைச் சொல்லி சர்வரைக் கேட்கிறது, சர்வர் இரண்டு பேரையும் சேர்த்து வைக்கிறது. வசதிதான். ஆனால் கடைக்குள் நடப்பது மூன்றாவது ஒருவரின் உதவியோடு உங்களிடம் வருகிறது என்பது நினைவில் இருக்கட்டும்.

ஒரே முகவரியின் பின்னால் பலர் இருப்பதால் இன்னொரு விஷயமும் புரியும். 'ஐபியை வச்சு ஆள் வீட்டையே கண்டுபிடிச்சுருவாங்க' என்ற பேச்சு அப்படியே உண்மை இல்லை. ஐபியைப் பார்த்து வெளியாட்களுக்குத் தெரிவது எந்த நிறுவனம், தோராயமாக எந்த ஊர் என்பதுதான். சில சமயம் ஊரும் தப்பாகவே இருக்கும். யார் என்பது இணைய நிறுவனத்தின் பதிவேட்டில் மட்டும் இருக்கும். பகிர்ந்த முகவரி என்றால், எந்த நொடியில், எந்த போர்ட் எண்ணில் என்ற விவரமும் சேர்ந்து இருந்தால்தான் அவர்களாலேயே ஆளைப் பிரித்துச் சொல்ல முடியும்.

ஐயானாவின் கையில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தன. இதற்கு மாற்றாக 1995-லேயே ஆறாம் பதிப்பின் விதிகள் எழுதப்பட்டுவிட்டன. 128 பிட். 34-க்குப் பின்னால் 37 பூஜ்யம் போட்டால் வரும் அளவுக்கு முகவரிகள். எண்ணை எழுதும் முறையும் மாறி, புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி வந்தது. இந்தியாவில் இது பெரிய அளவில் நுழைந்தது 2016 செப்டம்பரில் ஜியோ தன் சேவையைத் தொடங்கிய பிறகுதான். இன்று கூகுள் வெளியிடும் அளவீட்டில் இந்தியப் பயனர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆறாம் பதிப்பில்தான் வருகிறார்கள். பல பணக்கார நாடுகளைவிட இது அதிகம். உங்கள் போனில் வைஃபையை அணைத்துவிட்டு 'என் ஐபி என்ன' என்று தேடினால் பெரும்பாலும் நீளமான முக்காற்புள்ளி முகவரி வரும். கடையில் மட்டும் கேமரா பதிவுகளைச் சேமிக்கும் பழைய டிவிஆரும் பழைய ரவுட்டரும் நான்காம் பதிப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

பெயர்

வெளியிலிருந்து வருபவரை நாட் தூக்கி எறிவது தொல்லை போலத் தோன்றினாலும், தற்செயலாக அது ஒரு காவலும்கூட. போர்ட் ஃபார்வர்டிங் போட்ட அன்றே அந்தக் கேமரா உலகத்துக்கே திறந்துவிடுகிறது. 2016-இல் மிராய் என்ற தீய நிரல் இப்படித் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் தேடித் தேடி, கம்பெனி வைத்த பாஸ்வேர்டுகள் அறுபது சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம். அந்தப் படையை வைத்து 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பல தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. அந்தத் தளங்களின் கணினிகள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. டைன் செய்தது பெயருக்கு எண் சொல்லும் வேலை. அது நின்றதும் யாருக்கும் வழி தெரியாமல் போய்விட்டது.

அந்த வேலைக்குப் பெயர் டிஎன்எஸ். ஆரம்ப காலத்தில் ஆர்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி வந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அந்தக் கோப்பை அவ்வப்போது நகலெடுத்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை பெருகியதும் இது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கும் முறையை வடிவமைத்தார்.

ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன் என்று அடிக்கிறீர்கள். உங்களுக்காகத் தேடும் சர்வர் முதலில் உச்சியில் இருக்கும் ரூட் சர்வரைக் கேட்கும். அவருக்கு ஐஆர்சிடிசி தெரியாது, ஆனால் 'டாட் இன் யாரிடம் இருக்கிறது' என்று தெரியும். டாட் இன் சர்வர் 'ஐஆர்சிடிசியின் விவரம் இன்னாரிடம்' என்று கைகாட்டும். அவர்தான் எண்ணைச் சொல்வார். பெயரை வலமிருந்து இடமாகப் படித்துக்கொண்டு போகிற வேலை. டாட் இன்னைக் கவனிப்பது டெல்லியில் இருக்கும் நிக்ஸி. 2005-க்கு முன் அந்தப் பதிவு வேலை நம் மும்பை ஜூஹுவில், தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தில் நடந்தது.

அடிப்படையில் இந்த முறை 26 ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், ஒரு சிறு கோடு ஆகியவற்றைத்தான் ஏற்கும். இருந்தாலும் டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா என்று தமிழிலேயே முடியும் பெயர்கள் இருக்கின்றன. நீங்கள் தமிழில் அடித்ததை பிரவுசர் எக்ஸ்என் என்று தொடங்கும் ஓர் எழுத்துக் குவியலாக மாற்றி அனுப்புகிறது. வழியில் இருக்கும் எந்த சர்வருக்கும் அது தமிழ் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கடைக்குத் தமிழ்ப் பெயர் வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள், ஆனால் ஆங்கில எழுத்தில் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள் என்பேன். தமிழ்ப் பெயரில் மின்னஞ்சல் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு படிவத்தை நிரப்பப் போனால், 'சரியான மின்னஞ்சலைத் தரவும்' என்று அது திருப்பி அனுப்பும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

ஒரு தடவை கேட்டுத் தெரிந்த எண்ணை வழியில் இருக்கும் சர்வர்கள் கொஞ்ச காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு காலம் என்பதைப் பெயரின் சொந்தக்காரர் நொடிக் கணக்கில் எழுதி வைக்கலாம். அதுதான் டிடிஎல். கடையின் வலைத்தளத்தை ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய அன்று உங்களுக்குப் புதுத் தளமும் வாடிக்கையாளருக்குப் பழைய தளமும் தெரிவது இதனால்தான். டிடிஎல் 86,400 என்று இருந்தால் ஒரு நாள் முழுக்கப் பழைய எண்ணே சுற்றிக்கொண்டிருக்கும். மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அதை 300 ஆக்கிவிடுங்கள். பழைய ஹோஸ்டிங்கின் பணத்தை அந்த வாரமே நிறுத்திவிடாமல் இன்னொரு மாதம் ஓடவிடுங்கள்.